பரண்மேல் ஒரு வீட்டுக்காரர்

வீடு விற்கவில்லை என்றால் மனிதன் முதலில் புரோக்கரைச் சந்தேகிப்பான். அப்புறம் வாஸ்துவை. அப்புறம் எதிர்வீட்டுக்காரரின் கண்ணை. கடைசிவரை தன் வாயை மட்டும் சந்தேகிக்கவே மாட்டான். நானும் சந்தேகிக்கவில்லை. அதனால்தான் ஐம்பது வயதில், சொந்த வீட்டுப் பரணில், ஒரு அண்டாவுக்குள் தலையை விட்டுக்கொண்டு படுத்திருக்க நேர்ந்தது.

எங்கள் வீடு பெரியநாயக்கன்பாளையத்தில் இருக்கிறது. மனைவி மல்லிகா அரசுப் பள்ளி ஆசிரியை. அவளுக்குத் தலைமையாசிரியையாகப் பதவி உயர்வு வந்தது. மகிழ்ச்சியாக ஆர்டரைப் பிரித்தால் ஊர் தாராபுரம் என்று போட்டிருந்தது. தினமும் போய்வர முடியாத தூரம். அங்கே ஒரு அறை எடுத்துத் தங்கினாள். வெள்ளிக்கிழமை இரவு வருவாள், ஞாயிறு மாலை துணிப்பையோடு கிளம்பிவிடுவாள். நான் சின்னச் சின்ன ஒர்க்‌ஷாப்புகளுக்குக் கணக்கு எழுதுகிறவன். எனக்கு எந்த ஊராக இருந்தாலும் சரிதான். மகள் யாழினி அப்போது பிளஸ் டூ முடிக்கும் நேரம். தேர்வு முடிந்ததும் வீட்டை விற்று, தாராபுரத்தில் ஒரு வீடு வாங்கி, மூன்று பேரும் ஒன்றாக இருப்பது என்று முடிவு செய்தோம்.

தேர்வு முடிந்தது. ரிசல்ட்டும் வந்தது. வீடு மட்டும் விற்கவில்லை.

வந்தவர்கள் எல்லோரும் நன்றாகத்தான் பேசினார்கள். "ஊடு லட்சணமா இருக்குதுங்க, கலந்துக்கிட்டுச் சொல்றோமுங்க" என்பார்கள். (எங்கள் பக்கத்தில் 'வேண்டாம்' என்பதை இவ்வளவு மரியாதையாகத்தான் சொல்வார்கள்.) அதோடு சரி, போன் வராது. ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் மல்லிகாவைப் பஸ் ஏற்றிவிட்டு வந்தால் இரவு தூங்க மாட்டேன். எழுந்து சுவிட்சுகளைப் போட்டுப் போட்டு அணைத்துப் பார்ப்பேன். ஏதாவது ஒன்று வேலை செய்யாமல்தான் வீடு விற்கவில்லை என்று எனக்கு ஒரு எண்ணம்.

ஒருநாள் புரோக்கர் ரங்கசாமி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நல்ல மனிதர், மெதுவாகத்தான் பேசுவார்.

"ஏனுங்க, தப்பா நெனச்சுக்காதீங்க. ஊட்டுல ஒரு குறையுமில்லீங்க. நீங்கதானுங்க குறை."

"நானா?"

"போன வாரம் வந்தவரு ஒண்ணுமே கேக்கலீங்க. நீங்களாப் போயி 'மழை பேஞ்சா ஒழுகவே ஒழுகாதுங்க'ன்னீங்க. அவுரு அண்ணாந்து பாத்தவரு அப்பறம் கீழயே பாக்கலீங்க. அதுக்கு முந்தி வந்த அம்மாகிட்ட 'இங்க பாம்பெல்லாம் வராதுங்க'ன்னீங்க. பாம்பப் பத்தி யாருங்க கேட்டா?"

"உண்மையைத்தானே சொன்னேன்?"

"அதானுங்க பிரச்சினையே. இந்த ஞாயித்துக்கிழமை அந்தியூர்ல இருந்து ஒரு குடும்பம் வருது. நல்ல பார்ட்டிங்க. சாவியக் குடுத்துப்போட்டு நீங்க பேக்கரில போயி ஒக்காந்துக்கங்க. உங்க நெழல் கூட ஊட்டுல இருக்கக் கூடாது."

போனில் கேட்ட மல்லிகாவும் அவர் பக்கம்தான். அந்த வாரம் பள்ளியில் வேலை இருந்ததால் அவள் ஊருக்கு வரவில்லை. "ஏனுங்க, உங்களுக்குக் கோடிப் புண்ணியம். ஒரே ஒரு நாளைக்கு வாயத் தொறக்காம இருங்க" என்றாள். சத்தியம் செய்தேன்.

ஞாயிறு காலை யாழினி தோழி வீட்டுக்குப் போய்விட்டாள். நான் சொன்ன சொல் தவறாமல் பேக்கரிக்குப் போய் டீ சொன்னேன். பாதி டீயில் தூக்கிவாரிப் போட்டது. மோட்டாரை நிறுத்தினேனா? தொட்டி நிறைந்து மாடியிலிருந்து தண்ணீர் வழிந்தால், வருகிறவர்கள் தொட்டியில் விரிசல் என்று நினைக்க மாட்டார்களா? டீயை அப்படியே வைத்துவிட்டு ஓடினேன்.

பின்வாசல் வழியாக உள்ளே போனால், மோட்டார் நிறுத்தித்தான் இருந்தது. நிம்மதியாகத் திரும்பும்போது முன்வாசலில் கார் வந்து நிற்கும் சத்தம். பின்வாசலுக்குப் போகலாம் என்றால், ரங்கசாமி "மொதல்ல அப்படியே கொல்லப்பக்கம் பாத்துரலாமுங்க" என்று அவர்களைச் சுற்றிக்கொண்டு அழைத்து வருகிறார். முன்னால் அவர்களுடைய டிரைவர் நிற்கிறார்.

அப்போது நான் செய்திருக்க வேண்டியது மிக எளிது. "வாங்க வாங்க, மோட்டார நிறுத்த வந்தேனுங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போயிருக்கலாம். பயந்தவனுக்கு எளிதான வழி கண்ணில் படாது. படுக்கையறையில் பரணுக்குச் சாத்தியிருந்த ஏணிதான் என் கண்ணில் பட்டது. அறை விசாலமாகத் தெரியட்டும் என்று முந்தின நாள் கட்டிலை அடுத்த அறைக்குத் தள்ளிவிட்டு, சாமான்களை எல்லாம் மேலே ஏற்றியிருந்தேன். இப்போது என்னையும் ஏற்றிக்கொண்டேன்.

பரணில் மல்லிகாவின் சீர்ப் பாத்திரங்கள் எல்லாம் இருந்தன. குத்துவிளக்கு முழங்காலில் குத்தியது. உடம்பைச் சுருட்டிக்கொண்டு படுத்ததில், பக்கவாட்டில் கிடந்த பித்தளை அண்டாவின் வாய்க்குள் என் தலை போய்விட்டது. வெளியே எடுத்தால் பாத்திரம் உருளும். சரி, ஐந்து நிமிடம்தானே என்று அப்படியே கிடந்தேன்.

அவர்கள் அறைக்குள் வந்தார்கள்.

"இந்த ஏணி எதுக்குங்க இங்க? ரூம்பே சின்னதாத் தெரியுது" என்றார் ரங்கசாமி. ஏணியை மடக்கி வெளியே தூக்கிக்கொண்டு போய்விட்டார். பரண் தரையிலிருந்து எட்டடி உயரம். நானோ கட்டிலிலிருந்து இறங்கும்போதே முட்டியைப் பிடித்துக்கொள்கிற ஆள்.

வந்திருந்தவர்கள் கணவன் மனைவி இருவர். அந்த அம்மா ஒவ்வொன்றாகப் பார்த்து, "ஜன்னல் நல்லாருக்குதுங்க", "காத்து வருதுங்க" என்று சொல்லச் சொல்ல, அண்டாவுக்குள் கிடந்தபடியே நான் கணக்குப் போட்டேன். இவர்கள் வாங்கிவிடுவார்கள். மல்லிகா இனி ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏற வேண்டாம். கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. (அதில் பாதி பரண் தூசி.)

அப்போதுதான் அந்த அம்மாவின் குரல் மாறியது.

"ஏனுங்க, இங்க பாருங்க. செவுத்துல இத்தாப்பெரிய கறை. ஓதம் எறங்குதுங்களா?"

"பக்கத்துல பாத்ரூம் இருக்குதில்ல. குழாய் கசிஞ்சிருக்கும்" என்றார் கணவர்.

"அது... வந்துங்கம்மா..." என்று இழுத்தார் ரங்கசாமி. அவருக்குத் தெரியாது. உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். அது ஓதமே இல்லை. கட்டில் போட்டிருந்த இடம் அது. பதினைந்து வருஷமாக நான் சாய்ந்து உட்கார்ந்து பேப்பர் படித்த இடம். என் தேங்காய் எண்ணெய்த் தலை பதிந்த கறை.

"ஓதம்னா நமக்கு வேண்டாமுங்க" என்றார் அந்த அம்மா. காலடிச் சத்தம் வாசல் பக்கம் திரும்பியது.

நான் பல்லைக் கடித்தேன். சத்தியத்தை நினைத்தேன். மல்லிகாவின் துணிப்பையையும் நினைத்தேன். அதற்குமேல் முடியவில்லை.

"ஓதமில்லீங்க! அது என்ற தலைங்க!"

சாதாரணமாகச் சொல்லியிருந்தால் கூடப் பரவாயில்லை. அண்டாவுக்குள் சொன்னேன். பாழுங்கிணற்றுக்குள்ளிருந்து யாரோ பேசுவது போல அந்தக் குரல் எழும்பி, அறை முழுவதும் சுற்றியது. யாருமில்லாத வீடு. சுவரில் கறை. அது தன் தலை என்று மேலிருந்து ஒரு குரல்.

அந்த அம்மா போட்ட சத்தம் மேட்டுப்பாளையம் ரோடு வரை கேட்டிருக்கும். மூன்று ஜோடிக் கால்கள் ஓடின. முதலில் ஓடியவை ரங்கசாமியின் கால்கள்.

"நான்தானுங்க! ஊட்டுக்காரனுங்க! யாராச்சும் ஏணி கொண்டாங்க!" என்று கத்தினேன். அண்டா அதையும் தன் இஷ்டத்துக்குத்தான் வெளியே அனுப்பியது. கொஞ்ச நேரத்தில் தெருவே திரண்டு உள்ளே வந்தது. யாரோ கையில் விளக்குமாறு, யாரோ கையில் விபூதி. ஒருவழியாக அண்டாவிலிருந்து தலையை விடுவித்து எட்டிப் பார்த்தேன். முகமெல்லாம் வெள்ளைத் தூசி. விபூதி கொண்டுவந்தவர் அதை என்மேல் வீசியே விட்டார்.

ஏணி வந்தது. இறங்கினேன். அந்தியூர்க்கார அம்மா சுவரைப் பார்த்தார், என் தலையைப் பார்த்தார், மறுபடி சுவரைப் பார்த்தார்.

"இந்தத் தலைங்களா?" என்றார்.

"ஆமாங்க."

அதற்குமேல் அவர்கள் நிற்கவில்லை. இந்த முறை 'கலந்துக்கிட்டுச் சொல்றோம்' கூட இல்லை.

மல்லிகாவிடம் போனில் சொன்னேன். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. சிரிப்பை அடக்குகிறாள் என்று நினைத்தேன். அழுதுகொண்டிருந்தாள். "நான் புரமோஷன வேண்டாம்னு எழுதிக் குடுத்துடறேனுங்க. நீங்க பரண்ல ஏறி ஒளியற நெலமைக்கு வந்துட்டீங்க" என்றாள். பரணில் கிடந்தபோது வராத வெட்கம் அப்போதுதான் வந்தது.

அந்த வெள்ளிக்கிழமை மூவரும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தோம். விலையைக் குறைப்பதா, இன்னும் காத்திருப்பதா, அவள் வேலையை விடுவதா? தெருவில் அதற்குள் எங்கள் வீட்டுக்கு 'பேசுற ஊடு' என்று பெயர் வந்துவிட்டது. இனி யார் வாங்குவார்கள்?

யாழினி தயிரைப் பிசைந்துகொண்டே கேட்டாள். "ஏம்ப்பா, ஒண்ணா இருக்கோணும்னுதான விக்கப் பாத்தோம்? ஊடு விக்காமயே ஒண்ணா இருந்தா ஆகாதா? இத வாடகைக்கு உட்டுட்டு, அங்க வாடகைக்குப் போலாமில்ல?"

நானும் மல்லிகாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். வாடகைக்கு விட்டால் ஆணி அடிப்பார்கள், சுவரைக் கெடுப்பார்கள் என்று நான்தான் முன்பே மறுத்திருந்தேன். சுவரை யார் கெடுத்தார்கள் என்பதைத் தெரு முழுவதும் பார்த்தாகிவிட்டது. தலையாட்டினேன்.

ரங்கசாமியிடம் சொன்னோம். மூன்றாம் நாள் குடிவரச் சம்மதித்து வந்து நின்றவர்கள் அதே அந்தியூர்க் குடும்பம். எனக்கு நம்பவே முடியவில்லை. அந்த அம்மா சொன்னார்:

"நாங்க பாத்த ஊட்டுக்காரங்க எல்லாம் எதையோ மறைச்சாங்க. நீங்க உங்களையே மறைச்சுக்கிட்டு, கறைய மறைக்காம உட்டுட்டீங்க. வாங்கறத அப்பறம் பாத்துக்கலாமுங்க. இப்படிப்பட்டவருகிட்ட தைரியமாக் குடியிருக்கலாமுங்க."

இப்போது மூன்று வருஷமாகத் தாராபுரத்தில் இருக்கிறோம். வீடு இன்னும் எங்களுடையதுதான். சொந்தத்தில் யாருக்கும் அந்தக் கதையைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. போன மாதம் மல்லிகாவின் அண்ணன் மகள் கல்யாணத்தில், மேடையில் குடும்பத்தோடு குரூப் போட்டோ எடுத்தார்கள். போட்டோகிராபர் கேமராவிலிருந்து கண்ணை எடுத்துவிட்டு, "பின்வரிசைல பொண்ண மறைக்கறது யாரு தலைங்க?" என்றார், பாவம், எதுவும் தெரியாமல்.

மூன்று வரிசையும் ஒரே குரலில் "அது என்ற தலைங்க!" என்று கத்தியது. கல்யாணப் பெண்ணும் சேர்ந்துதான்.

அந்தப் போட்டோவில் எல்லோரும் வாய்விட்டுச் சிரிக்கிறார்கள், என்னைத் தவிர. ஆல்பம் பார்க்கிறவர்கள் என் முகத்தில் விரலை வைத்து, "இவுரு மட்டும் ஏனுங்க இப்படி முழிக்கறாரு?" என்று கேட்கிறார்களாம். மாப்பிள்ளை வீட்டில் எல்லோருக்கும் இப்போது பதில் தெரியும்.