ஒன்றாம் நம்பர் பதிமூன்றான விவரம்

மதிப்புக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நானும் உங்கள் சம்பந்தியம்மாவும் நலம். அங்கே தாங்களும் வீட்டிலுள்ள அனைவரும் நலமாக இருப்பீர்கள் என்ற தைரியத்தில், மற்ற விசாரிப்புகளை முறைப்படி செய்துவிட்டதாகவே வைத்துக்கொண்டு, நேராக விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஒழுகுகிற குழாயைப் பார்த்துச் சரிசெய்கிறேன் என்று சொல்லிக்கொண்டு உங்கள் வீட்டுக்குள் நுழைந்த நான், ஒரு பெட்டியை மழைக்கோட்டுக்குள் அணைத்துக்கொண்டு சமையலறைக் கதவு வழியாக வெளியே ஓடியதைத் தாங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். “சம்பந்தி, குழாய் என்ன ஆச்சு?” என்று கேட்டீர்கள். “நல்லா இருக்கு சம்பந்தி” என்று சொல்லிவிட்டுப் போனேன். அன்றிலிருந்து தாங்கள் என்னோடு பேசுவதில்லை. முப்பது வருடம் நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்தவர் நீங்கள். திருட்டு முழி எப்படி இருக்கும் என்று உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதிவிடுகிறேன். படித்துவிட்டுத் தாங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

கல்யாணப் பேச்சின்போது, கிளாரினெட் பட்டறையில் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டீர்கள். முக்கியமான வேலை என்றேன். உண்மையில் நான் நம்பர் போடுகிறவன். செய்து முடித்த கிளாரினெட்டின் மேல்துண்டில், கம்பெனி முத்திரைக்குக் கீழே, இரும்பு அச்சை வைத்துச் சுத்தியலால் ஒரே ஒரு தட்டு. இருபத்திரண்டு வருடமாக அந்த ஒரு தட்டுத்தான். எனக்கு ஊதத் தெரியாது. எங்களிடம் ஐந்து ரகம் இருந்தது. ஒன்றாம் நம்பர் கருமரத்தில் செய்த உசத்தி ரகம். ஐந்தாம் நம்பர் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கீழே போட்டாலும் உடையாத பிளாஸ்டிக். உங்கள் மகனுக்கு நகர இசைக்குழுவில் இடம் கிடைத்தபோது நான் ஆசையாகக் கொடுத்தது ஒன்றாம் நம்பர். அந்த நம்பரை என் கையாலேயே அடித்தேன். அன்றைக்கு மட்டும் அடிப்பதற்கு முன்னால் கையைக் கழுவிவிட்டு வந்தேன்.

இந்த நேரத்தில்தான் பட்டறைக்குப் புது மேனேஜரம்மா வந்து சேர்ந்தார். வந்த வாரமே எங்களையெல்லாம் நிற்கவைத்து, “ரெண்டாம் நம்பருக்கும் மூணாம் நம்பருக்கும் என்ன வித்தியாசம்?” என்று கேட்டார். மேஸ்திரி கூரையைப் பார்த்துவிட்டு, “நம்பர்தாங்க” என்றார். இரண்டும் நான்கும் அன்றோடு காலி. மிச்சம் மூன்று ரகம். “பெரிய நம்பர்னா பெரிய சாமான்னுதான் ஜனங்க நினைக்கிறாங்க. நாம மட்டும் ஏன் தலைகீழா நிக்கணும்?” என்று அந்த மூன்றையும் புரட்டிப் போட்டுவிட்டார். பிளாஸ்டிக் இனிமேல் ஒன்று, நடுத்தரம் இரண்டு, கருமரம் மூன்று. வழவழப்பான தாளில் விலைப்பட்டியல் அச்சாகி எல்லா இசைக்குழுக்களுக்கும் போய்விட்டது. முதல் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில், “ஒன்று: இப்போதுதான் ஊதத் தொடங்கும் குழந்தைகளுக்கு” என்று போட்டிருந்தது. மாப்பிள்ளை கையில் இருப்பது ஒன்று!

அன்று சாயங்காலமே மகள் போன் செய்தாள். “அப்பா, நாலு நாளா அவர் கிளாரினெட்டைத் தொடவே இல்ல. என்னன்னு கேட்டா மூஞ்சியத் திருப்பிக்கிறார். சாப்பாடும் சரியா இறங்கல” என்றாள். அப்புறம் எனக்கு என்ன சந்தேகம்? பட்டியலைப் பார்த்திருக்கிறார். பிளாஸ்டிக் ரகத்தைக் கொடுத்து மாமனார் ஏமாற்றிவிட்டார் என்று மனதுக்குள் புழுங்குகிறார். நாளைக்கு இது தங்கள் காதுக்கு வரும், பிறகு என் மகள் அந்த வீட்டில் எப்படித் தலைநிமிர்ந்து நடப்பாள்? உங்கள் சம்பந்தியம்மா, “மரம் எது, பிளாஸ்டிக் எதுன்னு ஊதறவருக்குத் தெரியாதா? ஒரு போன் போட்டு விஷயத்தைச் சொல்லுங்களேன்” என்றாள். நியாயமான பேச்சுத்தான், ஆனால் பயந்தவனுக்கு நியாயம் எங்கே ஏறும்? ஒன்றை அழித்துவிட்டு மூன்று என்று அடித்துக் கொடுத்துவிட்டால் யாருக்கும் எந்த விளக்கமும் சொல்ல வேண்டாம் என்று முடிவுகட்டித்தான் குழாயைச் சாக்காக வைத்து வந்தேன்.

பட்டறையில் லீவு சொல்லியிருந்தேன். அதனால் பின்பக்கமாக நுழைந்து என் மேஜையில் உட்கார்ந்து, பெட்டியிலிருந்த மாப்பிள்ளையின் கிளாரினெட்டை எடுத்து, நம்பரை உப்புத்தாளால் தேய்த்தேன். ஒன்று போகவில்லை. நான் அடித்ததாயிற்றே, போகிற மாதிரியா அடித்திருப்பேன்? சரி, அதன் மேலேயே மூன்றை அடித்து மறைத்துவிடலாம் என்று அச்சை வைத்துச் சுத்தியலை ஓங்கினேன். முதுகுக்குப் பின்னால் மேஸ்திரி, “என்ன அண்ணே, லீவுன்னு சொன்னாங்க?” என்றார். கை துள்ளிவிட்டது. மூன்று பக்கத்தில் போய் விழுந்தது. குனிந்து பார்க்கிறேன், தெள்ளத்தெளிவாக, இருபத்திரண்டு வருடத்தில் நான் அடித்ததிலேயே அழகான அடி: பதிமூன்று. உலகத்தில் இல்லாத ரகம். மேஸ்திரி எட்டிப் பார்த்துவிட்டு, “நான் இந்தப் பக்கமே வரல” என்று போய்விட்டார். தாங்கள் மதியம் முகத்தில் செய்தித்தாளைப் போட்டுக்கொண்டு கண்ணயர்ந்திருந்தபோது பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை மாப்பிள்ளை பெட்டியோடு என் வீட்டு வாசலில் நின்றார். கன்னம் ஒரு பக்கம் உப்பியிருந்தது. நான் அவரைப் பேசவே விடவில்லை. “மாப்பிள்ளை, தப்பா எடுத்துக்காதீங்க, அது சத்தியமா கருமரம், ஒண்ணுதான் இப்ப மூணு, அதைத்தான் நான் பதிமூணு ஆக்கிட்டேன்” என்று ஒரே மூச்சில் கொட்டினேன். அவர் பெட்டியைத் திறந்து பார்த்தார். பிறகுதான், “எந்தப் பட்டியல் மாமா? நான் பார்க்கவே இல்லையே” என்றார். பல்வலியாம். கீழ்ப்பல். வைத்தியரிடம் போகப் பயந்து ஒரு வாரமாகப் பொண்டாட்டியிடம்கூடச் சொல்லாமல் மறைத்திருக்கிறார்! ஒத்திகைக்குப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்ததால்தான் கையில் பெட்டி. “பல்லைப் பிடுங்கணும். தனியாப் போகப் பயமா இருக்கு. கூட வர்றீங்களா மாமா?” என்று கேட்டார். சம்பந்தி, அந்த நிமிடம் எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல்லை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. வைத்தியர் வீட்டுப் பெஞ்சில் மாப்பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் திரும்பவும் அந்த நம்பர் பேச்சை எடுத்தபோது, “நான் என்ன நம்பரையா மாமா ஊதறேன்?” என்று சொல்லிச் சிரித்து, வலி தாங்காமல் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார்.

இதோடு முடிந்ததா? பல் பிடுங்கிய புண் ஆறி அவர் ஒத்திகைக்குப் போனால், அவருக்குப் பக்கத்தில் உட்காருகிறவர், நெட்டை என்று எல்லோரும் கூப்பிடுவார்களே, அவர் அந்தப் பதிமூன்றைப் பார்த்துவிட்டார். அவர் புது மூன்றாம் நம்பர் வாங்கிப் பத்து நாள்கூட ஆகவில்லை. நேராகப் பட்டறைக்குப் போன். “பத்து நம்பர் தள்ளி ஒண்ணு செஞ்சு வச்சிக்கிட்டு மூணை என் தலையில கட்டிட்டீங்களா?” மேனேஜரம்மா என்னைக் கூப்பிட்டனுப்பினார். வேலை போய்விட்டது என்றே நினைத்து, என் சுத்தியலையும் கையோடு எடுத்துக்கொண்டு போய் மேஜைமேல் வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. “நெட்டைக்கு அப்புறம் இன்னும் நாலு பேர் பதிமூணு கேட்டுட்டாங்க. முதல்ல அந்தச் சுத்தியலை எடுத்துக்கிட்டுப் போய் வேலையைப் பாருங்க” என்றார். வெளியே வந்து படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். மேஸ்திரி ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார். வேலை இருக்கிறது, மாப்பிள்ளை முகம் தெளிந்திருக்கிறது, மகள் குரலில் பழைய சிரிப்பு வந்துவிட்டது. தாங்களும் ஒரு வார்த்தை பேசிவிட்டீர்களானால் நான் நிம்மதியாகத் தூங்குவேன்.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் இருவரின் வணக்கத்தையும், பிள்ளைகள் இருவருக்கும் எங்கள் மனம் நிறைந்த ஆசிகளையும் சொல்லவும்.

என்றும் தங்கள் மேல் மரியாதை குறையாத,
சம்பந்தி

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் பட்டறையிலிருந்து புதுப் பட்டியல் வந்தது. “பதிமூன்று: எங்கள் நிபுணர் நான்கு ஆண்டுகள் ஆராய்ந்து உருவாக்கிய தனி ரகம்” என்று போட்டிருக்கிறது. அந்த நிபுணர் நான்தானாம். இதுபற்றி வெளியில் மூச்சுவிடக்கூடாது என்று கையெழுத்தும் வாங்கிவிட்டார்கள். ஆகையால் மேலே நான் எழுதியதில் எதுவுமே நடக்கவில்லை. மாப்பிள்ளை பல் பிடுங்கிக்கொண்டதை மட்டும் தாங்கள் நம்பலாம்.