சீசன் அண்ணாச்சியும் என் பேத்தியின் முதல் தண்ணீரும்

தென்காசியில் எங்கள் தெருவைப் பொறுத்தவரை, சீசன் அண்ணாச்சியின் அனுமதியின்றி எவர் தலையிலும் ஒரு செம்புத் தண்ணீர் விழுந்ததில்லை. மழை மட்டுமே அவரைக் கேளாமல் பெய்தது. அதற்கும் அவர் பலமுறை கண்டனம் தெரிவித்திருக்கிறார்.

தெருமுனையில் துண்டு, நல்லெண்ணெய், சிகைக்காய்த்தூள் விற்கும் கடை அவருடையது. அருவியில் தண்ணீர் விழும் மாதங்களில் விடியும் முன்னரே குற்றாலம் சென்று குளித்துவிட்டு, தலையைத் துவட்டாமல் திரும்புவார். துண்டு விற்கும் ஒருவர் தாமே துவட்டாமல் வருவது வியாபாரத்துக்கு உகந்ததா என்று எவரும் கேட்டதில்லை. அவர் தலையிலிருந்து சொட்டும் நீரைப் பார்த்துத்தான் தெரு அன்றைய நிலவரத்தை அறிந்துகொண்டது. அருவியின் காட்சி கைப்பேசியிலேயே கிடைக்கும் இந்தக் காலத்திலும், அண்ணாச்சியின் தலையை நேரில் பார்க்காமல் எங்கள் மக்கள் துண்டை எடுப்பதில்லை.

நோய்க்கு நோய் அருவி மாற்றிக் கொடுப்பார். தலைவலிக்கு மெயின் அருவி. முதுகுப் பிடிப்புக்கு ஐந்தருவி. புதிதாக மணமான தம்பதி ஒருவர்மேல் ஒருவர் குறை சொல்லிக்கொண்டு வந்தபோது, "ரெண்டு பேரும் பழைய குத்தாலத்துல போயி நில்லுங்க. தண்ணி விழுத சத்தத்துல அவ பேசுதது ஒனக்குக் கேக்காது, நீ பேசுதது அவளுக்குக் கேக்காது. நாலு நாளு இப்படிக் குளிச்சா சரியாப் போயிரும்" என்று அனுப்பிவைத்தார். சரியாகியும் போனது. என்னால் பொறுக்க முடியாதது அதுதான்.

நான் கல்லூரியில் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். தண்ணீரின் மூலக்கூறு அமைப்பை ஒரு தலைமுறைக்கே கரும்பலகையில் வரைந்து காட்டியிருக்கிறேன். ஆனால் தண்ணீரைப் பற்றி ஓர் ஐயம் கேட்டு எங்கள் தெருவில் ஒருவர்கூட என் வாசற்படி மிதித்ததில்லை. வணங்கினார்கள், அதை நான் மறுக்கவில்லை. என்னை வணங்கிவிட்டு அண்ணாச்சியிடம் போய்க் கேட்டார்கள். எனக்கு அவர்மீது இருந்தது பொறாமைதான். அதற்கு வேறு நாகரிகமான பெயர் தேட நான் விரும்பவில்லை.

அந்தப் பொறாமை என் வீட்டுக்குள்ளேயே வந்து நாற்காலி போட்டு அமர்ந்தது, என் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த ஆண்டில். பெண் குழந்தை. மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது செவிலியர் தெளிவாகச் சொல்லியிருந்தார்: தொப்புள்கொடி காய்ந்து தானாக விழும்வரை குழந்தையைக் குளிப்பாட்ட வேண்டாம், வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்துவிட்டால் போதும். ஆனால் பேத்தியைப் பார்க்கக் கடையத்திலிருந்து வந்திறங்கிய சம்பந்தியம்மாள், செருப்பைக் கழற்றுமுன்பே வெந்நீர்ப் பானையைத் தேடினார்.

"பச்சப்பிள்ள பிசுபிசுன்னு கெடக்கு. ரெண்டு செம்பு வெந்நி ஊத்துனா என்ன கொறஞ்சு போகும்?"

என் சொல் என் வீட்டில் செல்லுபடியாகுமா என்பது அந்தக் கேள்வியில் அடங்கியிருந்தது. பிறந்த குழந்தை உடல் வெப்பத்தை எவ்வளவு விரைவில் இழக்கும், ஈரத்தில் கொடி காயாமல் கிருமி எப்படிச் சேரும் என்றெல்லாம் நின்றவாறே விளக்கினேன். அம்மையார் கொட்டாவியை அடக்கிக்கொண்டார்.

"சம்பந்தி சொல்லுததெல்லாம் காலேஜுக்குச் சரி. இது வீடுல்லா?"

அப்போதுதான் அண்ணாச்சி குழந்தைக்கென்று ஒரு மெல்லிய துண்டோடு உள்ளே வந்தார். விவரத்தைக் கேட்டார். சிரித்தார்.

"ஏ மைனி, தண்ணி விழாம யாராச்சும் அருவிக்குக் குளிக்கப் போவாகளா?"

"போவ மாட்டாக."

"அதே கததான் இதுவும். கொடி விழாம குளிப்பாட்டு கெடையாது. மொதல்ல விழணும், பொறவுதான் குளியலு. அது வரைக்கும் தொடச்சு விடுங்க."

"வெளங்குத மாதிரி சொன்னா கேக்க மாட்டோமா?" என்றார் சம்பந்தியம்மாள், என்னைப் பார்த்தபடி. பானை அடுப்பிலிருந்து இறங்கியது. நான் சொன்னதும் அவர் சொன்னதும் ஒன்றுதான். அந்த உண்மை அந்த அறையில் எனக்கு மட்டுமே தெரிந்திருந்தது.

அந்த ஆண்டு சாரல் வெகுவாகப் பிந்திவிட்டது. அருவிகள் வறண்டு கிடக்க, தெருவே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அண்ணாச்சியோ நாள்தோறும் காலையில் எங்கள் வீட்டு முன்னால் நின்று, மாடியை நோக்கி உரத்த குரலில், "விழுந்துட்டா?" என்பார். என் மனைவி மாடியிலிருந்து, "இன்னும் இல்ல, அண்ணாச்சி!" என்பாள். அவர் தலையாட்டிவிட்டுப் போவார்.

அதன்பின் ஒரு விந்தை நிகழ்ந்தது. தெருவில் எனக்கு மரியாதை கூடியது. இதுவரை தலையை மட்டும் அசைத்த மளிகைக் கடைக்காரர், கல்லாவிலிருந்து எழுந்து நின்றார். "சார் வீட்டுக்குத் தகவல் முன்னக்கூட்டியே வந்துரும்போல. சீசன் அண்ணாச்சியே அவுககிட்டதான் கேக்காரு" என்று அவர் அருகிலிருந்தவரிடம் சொல்வது காதில் விழுந்தது. எந்தத் தகவல் என்று எனக்கு விளங்கவில்லை. கல்வியின் மதிப்பு காலம் கடந்தேனும் உணரப்படுகிறது என்று கருதிக்கொண்டு, நானும் சற்று நிமிர்ந்தே நடந்தேன்.

ஒரு காலையில் கொடி விழுந்தது. குழந்தைக்குத் துணி மாற்றும்போது மகள் கண்டு கூவினாள். வீட்டுத் தலைவனாகிய நான் அதை முறைப்படி அறிவிக்கத் தொண்டையைச் செருமுவதற்குள், என் மனைவி மாடிக் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, "அண்ணாச்சி! விழுந்துட்டு!" என்று கத்திவிட்டாள்.

தேநீர்க் கடையில் நின்ற அண்ணாச்சி தம்ளரை வைத்துவிட்டு இரு கைகளையும் தூக்கினார். "ஏலே, விழுந்துட்டுலே! விழுந்துட்டு!"

அடுத்த சில நிமிடங்களில் எங்கள் தெருவில் ஆண் மக்கள் எவரும் இல்லை. எண்ணெய்க் கிண்ணமும் துண்டுமாக ஷேர் ஆட்டோக்களில் தொற்றிக்கொண்டு குற்றாலத்துக்குப் பறந்துவிட்டார்கள். மளிகைக்காரர் கடையைப் பூட்டவும் மறந்து ஓடினார்.

மெயின் அருவியில் பாறை வெயில் காய்ந்துகொண்டிருந்ததாம். குரங்குகள் மட்டும் வரிசையாக அமர்ந்து, எண்ணெய் வழிய வந்து இறங்கிய எங்கள் தெருவை வேடிக்கை பார்த்தனவாம்.

இங்கே வெந்நீர் பதமாக விளாவப்பட்டு, காற்று புகாமல் சன்னல்கள் சாத்தப்பட்டு, சம்பந்தியம்மாள் மணையில் கால் நீட்டி அமரும் வேளையில், வாசலில் பேரிரைச்சல். எண்ணெய்த் தலைகள் என் கேட்டைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தன.

"சார், படிச்சவுக வீட்டுல இருந்து இப்படிப் பொய்ச் சேதி வரலாமா?" என்றார் மளிகைக்காரர். எழுந்து நின்ற மரியாதை மண்ணில் உருண்டுகொண்டிருந்தது. விழுந்தது எது என்று விளக்க நான் வாயைத் திறந்தேன்.

அண்ணாச்சி கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து என் காதருகே குனிந்தார். "பிள்ளைக்குக் குளிப்பாட்டுன்னு சொன்னீயன்னா இம்புட்டுப் பேரும் பாக்க உள்ள வந்துருவானுவ. கதவத் தொறந்தா காத்து அடிக்கும். நீங்க சும்மா இருங்க சார்." பிறகு கூட்டத்தை நோக்கித் திரும்பினார். "சார் வீட்டுல என்னலே செஞ்சாக? சொன்னவன் நான். மேகத்தப் பாத்து ஏமாந்துட்டேன். வயசாயிட்டுல்லா?"

தெரு திகைத்தது. அருவி விஷயத்தில் அந்த மனிதர் வாழ்நாளில் தவறியதே இல்லை. அந்தப் பெயரை என் வாசலில் உதறிப் போட்டுவிட்டு, "வாங்கலே, காபி வாங்கித் தாரேன்" என்று கூட்டத்தை ஓட்டிக்கொண்டு நடந்தார். போகிற போக்கில் சாத்திய சன்னலைத் தட்டி, "மைனி, மொதத் தண்ணிய சார் கையால ஊத்தச் சொல்லுங்க. படிச்ச கையி" என்றார்.

அதுவரை என் பேச்சு ஒன்றையும் காதில் வாங்காத சம்பந்தியம்மாள், "வாங்க சம்பந்தி, சீக்கிரம், தண்ணி ஆறுது" என்று உடனே அழைத்தார். நீட்டிய கால்களின்மேல் கிடந்த என் பேத்தியின் தோளில் வெந்நீரை நான் வார்த்தேன். வீரிட்டவள் மெல்ல அடங்கி, உதட்டை நக்கினாள். என் வாழ்வில் அதற்கிணையான பதவி எனக்கு வாய்த்ததில்லை. அது அவர் சிபாரிசில் வாய்த்தது என்பதை நினைக்குந்தோறும் இன்றும் நெஞ்சு காந்துகிறது.

அந்த சீசன் முழுவதும் தெரு அவரைக் கேலி செய்தது. "அண்ணாச்சி, இன்னைக்கு மேகம் என்ன சொல்லுது?" என்பார்கள். நான் உண்மையைச் சொல்ல முற்பட்டபோதெல்லாம் "விடுங்க சார்" என்று அடக்கிவிட்டார். இப்போது அச்சிலேயே சொல்லிவிட்டேன். இனி அவரால் தடுக்க இயலாது.

பேத்தி இப்போது பேசுகிறாள். விடுமுறைக்கு வந்து இறங்கியதும் அவர் கடைக்குத்தான் ஓடுகிறாள். துண்டுக் கட்டுகளுக்கு நடுவே அமர்ந்து அவரைத் "தாத்தா" என்றழைக்கிறாள். தாத்தா நான்தான், அது முறை தவறு என்று சொல்ல ஒருநாள் கடை வரை போனேன். அவள் தலையை அவர் துவட்டிக்கொண்டிருந்தார். சற்று நேரம் நின்று பார்த்துவிட்டு, தேவையில்லாத ஒரு துண்டை வாங்கிக்கொண்டு திரும்பினேன்.