ஒருங்கிணைவுக்கு உகந்த ரிவோல்வர்

உலகில் அமைதியை மெய்யாகவே நேசிக்கும் மக்கள் யார் என்று கேட்டால், நிலவறையில் துவக்கும் தோட்டாவும் வைத்திருப்பவர்களே என்று தயங்காமல் சொல்லலாம். சுவிற்சர்லாந்து இதற்குச் சான்று. தலைமுறை தலைமுறையாகப் போருக்குப் போகாத நாடு. ஆனால் சனிக்கிழமை பின்னேரம் ஊருக்கு ஊர் 'டப், டப்' என்று கேட்கும். அது போர் அல்ல, பண்பாடு.

இந்த நுட்பமான வேறுபாடு தவச்செல்வனுக்குப் பிடிபடக் கொஞ்சக் காலம் எடுத்தது. யாழ்ப்பாணத்தில் துவக்குச் சத்தத்துக்குப் பயந்து ஓடிவந்து, சோலோதுர்னுக்குப் பக்கத்து ஊரொன்றில் அகதியாக இறங்கிய முதல் சனிக்கிழமை, அவர் கட்டிலுக்குக் கீழே படுத்திருந்தார். இன்று அதே ஊர் முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளர். மாத்திரை விழுங்க மறுக்கும் கிழவர்களை அவர்களுடைய சுவிஸ் ஜேர்மனிலேயே அதட்டி விழுங்கவைப்பார்.

மனைவி யதுஷாவும் மகளும் போன வருடமே சுவிஸ் குடிமக்களாகிவிட்டார்கள். விமான நிலையத்தில் அவர்கள் ஒரு வரிசையில் விறுவிறென்று போய்விட, இவர் மற்ற வரிசையில் நிற்பார். மகள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று கை காட்டுவாள். ஒரு தடவையாவது அவளோடு சேர்ந்து நடந்து போகவேண்டும். தவச்செல்வனின் தேசபக்தி முழுவதும் அந்தக் கண்ணாடியில்தான் இருந்தது.

ஆகவே விண்ணப்பித்தார். ஊரின் குடியுரிமைக் குழுவில் மூன்று பேர். தலைவி ஃப்ராவ் யெக்கி.

"எந்தக் கழகத்தில் இருக்கிறீர்கள்?" என்று அவர் கேட்டார்.

"கோயில் நிர்வாக சபை, தமிழ்ப் பள்ளிக்கூடப் பெற்றோர் சங்கம், கரப்பந்துக் கழகம்..."

"அவை உங்கள் ஆட்களுடையவை. நம் ஊருடையது?"

ஊருடையது ஒன்றும் பட்டியலில் இல்லை. 'ஒருங்கிணைவு போதாது. ஆறு மாதம் கழித்து வரவும்' என்று குழு பெருந்தன்மையுடன் தீர்மானித்தது.

கீழ் வீட்டுக்காரர் ஃப்ளூரி, ஊர்ச் சுடும் கழகத்தின் செயலாளர், செய்தி கேட்டு மனமுருகிப் போனார். "எங்களிடம் வாருங்கள்! சனிக்கிழமை இலக்கைச் சுடுவோம், பிறகு சொசேஜ் சுடுவோம். முதலில் சொந்தமாக ஒரு சின்ன ரிவோல்வர் வாங்குங்கள். மலிவானதே போதும்."

எங்கள் ஆட்கள் ஒரு சோற்றுக் குக்கரைக்கூட நாலு பேரோடு கதைக்காமல் வாங்கமாட்டார்கள். தவச்செல்வன் வீட்டு வரவேற்பறையில் 'ஒப்பீட்டுக் குழு' கூடியது. தலைமை, தமிழ்க் கடை சிவபாதம் அண்ணை. தேநீர் அனுசரணை, யதுஷா. பரிசீலிக்க இரண்டு ரிவோல்வர்கள், இரண்டும் கைத்தொலைபேசியில்.

"இது எப்பிடியெண்டால் அண்ணை," தவச்செல்வன் கதிரை நுனிக்கு வந்தார். ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்று விளங்கப்படுத்தத் தொடங்கினால் அவருக்குப் பசி தெரியாது. "பெருவிரலால சுத்தியலைப் பின்னுக்கு இழுக்கவேணும். அப்பதான் உருளை ஒரு அறை சுத்தும். விசைக்கு ஒரே ஒரு வேலைதான், சுத்தியலை விடுறது."

"ஓம், எங்கட ஊர் அரசாங்கக் கந்தோர் மாதிரி," என்றாள் யதுஷா. "ஒரு ஆள் இழுக்கிறது, ஒரு ஆள் விடுறது."

"தோட்டாவும் சின்னன். பத்தவைக்கிற மருந்து அடிவிளிம்புக்குள்ள இருக்கும். சுத்தியல் அந்த விளிம்பில அடிச்சால் காணும். அதாலதான் தோட்டா மலிவு."

சிவபாதம் அண்ணை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

"முதலாவது துத்தநாகக் கலவை உடம்பு. பக்கவாட்டில பாதுகாப்புக்கு ஒரு நெம்பு, பூட்டு மாதிரி. நாங்கள்தான் ஞாபகமாப் போடவேணும். ரெண்டாவது அலுமினிய உடம்பு, விலை கொஞ்சம் கூட. ஆனால் சுத்தியலுக்கும், தோட்டாவில குத்துற ஊசிக்கும் நடுவில ஒரு சின்ன இரும்புத் தகடு இருக்கு. விசையை இழுத்துப் பிடிச்சிருந்தால்தான் அது மேல வரும், சுத்தியலின்ர அடியை ஊசிக்குக் குடுக்கும். விரலை எடுத்தால் கீழ போயிடும். பிறகு சுத்தியல் விழுந்தாலும் ஊசியில படாது."

"கலியாணத் தரகர் மாதிரியெண்டு சொல்லு," என்றார் சிவபாதம் அண்ணை. "பிடிச்சுவைச்சிருக்குமட்டும்தான் நடுவில நிப்பார். சரி, இலவசமா என்ன தருவாங்கள்?"

"முதலாவதுக்கு இன்னொரு உருளை தாறாங்கள், வேற தோட்டா போட."

"அப்ப முதலாவதுதான் லாபம்!"

"இஞ்சேருங்கோ," என்றாள் யதுஷா, "உங்களுக்குச் சுடத் தெரியுமோ?"

குழு இக்கேள்வியை 'தலைப்புக்குப் புறம்பானது' என ஒதுக்கியது. நெம்பு போட மறந்தால் யார் பொறுப்பு என்ற விவாதத்துக்குப் பிறகு, பாதுகாப்பு லாபத்தை வென்றது. இரண்டாவது தெரிவானது.

ஃப்ளூரியோடு கடைக்குப் போனார். கடைக்காரர் மிக மரியாதையானவர். கடவுச்சீட்டைக் கேட்டுப் பார்த்தார், இன்னும் மரியாதையானார்.

"மன்னிக்கவேண்டும். உங்கள் நாட்டவர்களுக்கு விற்கச் சட்டத்தில் தடை."

"எப்போது விற்பீர்கள்?"

"நீங்கள் சுவிஸ் ஆனதும் வாருங்கள்."

"சுவிஸ் ஆகத்தானே வாங்க வந்தேன்!"

கடைக்காரர் இதைச் சற்று யோசித்து, "தர்க்கம் சரிதான்" என்று பாராட்டினார். விதிவிலக்குக் கேட்டு எழுதலாம், ஆனால் சுவிஸ் குடிமகனாக இருந்தால் அது சுலபம் என்றும் அறிவுரை கூறினார்.

ஃப்ளூரி வெட்கத்தில் சிவந்துபோனார். துவக்கு ஒன்றைக் கையில் கொடுக்கச் சட்டத்துக்குப் பயம், ஆளை விடவும் மனமில்லை. எனவே கழகத்தில் தவச்செல்வனுக்குச் சொசேஜ் சுடும் பொறுப்பு வழங்கப்பட்டது. ஆறு மாதமும் அடுப்படியில் நின்றபடியே எல்லோருடைய துவக்கும் எப்படி வேலை செய்கிறது என்று கேட்டறிந்தார். ஒன்றையும் தொடவில்லை.

இரண்டாவது நேர்காணல் ஒரு சனிக்கிழமை காலை நடந்தது.

"எந்தக் கழகம்?"

"ஊர்ச் சுடும் கழகம்."

மூவர் முகமும் மலர்ந்தது. "அட! எதைக் கொண்டு சுடுகிறீர்கள்?" என்றார் ஃப்ராவ் யெக்கி. சொசேஜ் மட்டும்தான் சுடுகிறேன் என்று சொல்லியிருந்தால் அன்றே கடவுச்சீட்டு கிடைத்திருக்கும். ஆனால் கேட்டது துவக்கைப் பற்றி. தவச்செல்வன் கதிரை நுனிக்கு வந்தார். சுத்தியலை விளக்கினார், உருளையை விளக்கினார், விளிம்பு மருந்தை விளக்கினார். தகடு ஏறி இறங்குவதை மேசையிலிருந்த அடிமட்டத்தாலும் பேனையாலும் செய்தே காட்டினார்.

ஃப்ராவ் யெக்கி அடிமட்டத்தையும் பேனையையும் மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"இவ்வளவும் எங்கே பழகினீர்கள், ஹெர் தவச்செல்வன்?" ஃப்ராவ் யெக்கியின் குரல் மிக மென்மையாகியிருந்தது. "உங்கள் நாட்டிலா?"

"இல்லை, இங்கேதான். நான் ஒன்றையும் தொட்டதேயில்லை."

"தொடாமலே இவ்வளவு?"

தீர்ப்பு நியாயமானது. 'ஒருங்கிணைவு: முழுத் திருப்தி. பாதுகாப்பு: மேலதிக விசாரணை தேவை. விண்ணப்பம் இரண்டு வருடம் ஒத்திவைக்கப்படுகிறது.' வாழ்நாளில் ஒரு துவக்கையும் தொடாத மனிதர்தான் அந்த அறையில் ஆபத்தானவர் என்று மூவரும் ஏகமனதாகக் கையெழுத்திட்டார்கள். பிறகு, பின்னேரப் போட்டிக்கு நேரமாகிவிட்டதால், தங்கள் தங்கள் துவக்குகளை எடுத்துவர வீட்டுக்கு ஓடினார்கள்.