சம்பந்திக்கு: நான் பிச்சை எடுக்கவில்லை

அம்பிட்டிய,
நம் நாடு கிரிக்கெட்டில் உலகக் கப்பை வாங்கி, கண்டி டவுனே வெடி கொளுத்திய வருஷம். மழை ஏமாற்றி, அணைக்கட்டெல்லாம் வற்றி, தினமும் கரண்டை வெட்டுகிற மாதம்.

(தேதி போட வேண்டும் என்கிறார் கடைக்கார மஹ்மூத் நானா. எனக்கு எழுத்து தெரியாததால் நான் சொல்லச் சொல்ல அவர்தான் எழுதுகிறார். தேதி யாருக்கு நினைவிருக்கும், கரண்ட் வெட்டியது எல்லாருக்கும் நினைவிருக்கும் என்று சொல்லி இப்படியே எழுத வைத்தேன்.)

பன்வில தோட்டத்து மேல் லயத்துச் சம்பந்தி இருளப்பன் அவர்களின் சமூகத்துக்கு, அம்பிட்டிய கறுப்பையா இரண்டு கையையும் கூப்பி, மன்னிக்கவும், ஒரு கையை நெஞ்சில் வைத்துச் சொல்லும் வணக்கம். இங்கே நானும் நம் பேரப்பிள்ளைகள் சுந்தரியும் சின்னவனும் முருகன் புண்ணியத்தில் சுகம். அங்கே உங்கள் சுகத்தையும் மூட்டுவலியின் நிலவரத்தையும் அறிய ஆவல். இதை வாசித்துக் காட்டும் புண்ணியவான் சம்பந்தியின் இடது பக்கம் உட்கார்ந்து வாசிக்கவும். வலது காதில் சொன்னால் பாதிதான் ஏறும், அந்தப் பாதியையும் அவர் தனக்குப் பிடித்த மாதிரி மாற்றிக்கொள்வார்.

நிற்க. நான் கண்டி பஸ் ஸ்டாண்டில் பேரப்பிள்ளைகளை இரண்டு பக்கமும் உட்கார வைத்துப் பிச்சை எடுப்பதாக உங்கள் லயத்து அழகமுத்து வந்து சொன்னானாம். நீங்களும் அதை நம்பி, ஞாயிற்றுக்கிழமை வந்து பிள்ளைகளைப் பன்விலைக்குக் கூட்டிப் போகிறேன் என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பிவிட்டீர்கள். சம்பந்தி, என் மகள் பரிமளம் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போகும்போது, உங்கள் மகன் ராஜலிங்கம் கொழும்புக் கடையிலேயே தங்க வேண்டியிருந்தபோது, பிள்ளைகளை என்னிடம் விட்டது நீங்களும் கூட இருந்து தலையாட்டிய ஏற்பாடு. அதை ஒரு அழகமுத்து பேச்சில் கலைக்கலாமா? நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், கேட்டுவிட்டு நீங்களே நியாயம் சொல்லுங்கள்.

என் வலது கை விரல்கள் மரத்துப் போவது உங்களுக்குத் தெரியும். தேத்தண்ணிக் கோப்பை தானாக நழுவும், சட்டைப் பொத்தான் அகப்படாது. மண்வெட்டி பிடித்தே வயதான கை, இனி அது அப்படித்தான் என்று இருந்துவிட்டேன். சின்னவனைத் தூக்கும்போது ஒரு நாள் பிடி விட்டுப் போய், அவன் தலையணை மேல் விழுந்ததால் தப்பினான். அன்றைக்குத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் என் மணிக்கட்டைத் தொட்டுக் காட்டி, இதுக்குள்ளே ஒரு டனல் இருக்கிறது, நரம்பு அதற்குள் நெரிபடுகிறது, கூரையை வெட்டி வழி விட வேண்டும் என்றார். எனக்குத் தெரிந்த டனல் கடுகண்ணாவையில் ரயில் போகிற டனல்தான். அதையே வீட்டில் வந்து சுந்தரியிடம் சொன்னேன். அவ்வளவுதான், வெட்டிக் கட்டுப் போட்டு வந்த நாளிலிருந்து அவள் காதைக் கட்டின் மேல் வைத்து வைத்துக் கேட்கிறாள்.

"தாத்தா, ரயில் இன்னும் வெளிய வரலையா?"

"வந்துகிட்டு இருக்கு தாயி."

"இஞ்சினு கெட்டுப் போச்சா?"

"இஞ்சின் நல்லாத்தான் இருக்கு. உன் தம்பி தண்டவாளத்துல ஏறி உக்காராம இருந்தா போதும்."

ஆஸ்பத்திரியில் நர்ஸ் மிஸ்ஸி எனக்குச் சொல்லி அனுப்பிய சட்டம் இவ்வளவுதான்: கட்டு நனையக் கூடாது, வெயிட் தூக்கக் கூடாது, கையை எப்போதும் நெஞ்சுக்கு மேலே தூக்கியே வைத்திருக்க வேண்டும், விரல்களை மடக்கி நீட்டி, மடக்கி நீட்டிக்கொண்டே இருக்க வேண்டும். சரி மிஸ்ஸி என்று வந்துவிட்டேன். சின்னவன் வெயிட்டா இல்லையா என்று கேட்க மறந்துவிட்டேன். அதற்கு அவனே வழி கண்டுபிடித்தான். நான் படியில் குந்தினால் முதுகுப் பக்கமாக ஏறி, என் காதைப் பிடித்துக்கொள்வான். இப்போது என் காது இரண்டும் நீண்டுவிட்டது என்று மஹ்மூத் நானா சொல்கிறார்.

சாப்பாட்டில்தான் முதல் சண்டை. வலது கை மேலே போய்விட்டதால், பிள்ளையைக் கழுவிவிடுவதும் இடது கை, சோறு பிசைவதும் இடது கை என்று ஆனது. சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் பிசைந்தேன், சத்தியம். சுந்தரி தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அது பீச்சாங்கை தாத்தா. அதுல ஊட்டக் கூடாது."

"கரண்டியால ஊட்டுறேன்மா."

"கரண்டியப் புடிச்சிருக்கிறது எந்தக் கை?"

கடைசியில் அவளே பருப்பும் சோறும் பிசைந்து, தம்பிக்கு ஒரு உருண்டை, தாத்தாவுக்கு ஒரு உருண்டை, தனக்கு ஒரு உருண்டை என்று சுற்றி வந்தாள். நான் மெதுவாக மென்றால், "முழுங்குங்க, தம்பி காத்துகிட்டு இருக்கான்" என்று அதட்டல் வேறு. பிள்ளைகளைப் பட்டினி போடுகிறேன் என்று அழகமுத்து சொன்னானாமே, பட்டினி கிடந்தால் அது நானாகத்தான் இருக்கும், என் முறை வருவதற்குள் சட்டி காலி.

இனி இடுப்புச் சாரம். சாரத்தை ஒரு கையால் உடுத்த முடியுமா என்று நீங்கள் இப்போதே எழுந்து நின்று பாருங்கள் சம்பந்தி, மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டு. மடிப்பு நிற்காது, முடிச்சு ஏறாது. ஆகவே ஒரு ஓரத்தைச் சுந்தரி பிடித்துக்கொள்வது, நான் சுற்றிச் செருகுவது என்று பழக்கம் ஆனது. நடக்கும்போதும் அவள் அந்த ஓரத்தை விடுவதில்லை.

அன்றைக்கு என்ன நடந்தது என்றால், சின்னவனுக்கு இருமல், மருந்து வாங்கச் சந்திக்குப் போனோம். அவன் முதுகில், சுந்தரி சாரத்தில், என் வலது கை மிஸ்ஸி சொன்னபடி மேலே, விரல்கள் மடக்கி நீட்டி, மடக்கி நீட்டி. சொன்னபடி கேட்பதில் என்ன ஆபத்து இருக்கப் போகிறது என்று நினைத்தேன். முதலில் ஒரு திரீவீல் வந்து நின்றது. பிறகு கச்சான் கடலை விற்கிறவன் தட்டோடு ரோட்டைக் கடந்து வந்தான். எதிர்ப் பக்கம் போன ஒரு அம்மா, "என்னயா கூப்பிடுற?" என்று குடையை மடக்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் விளக்கம் சொல்வதற்குள் டவுன் பஸ் ஒன்று பிரேக் போட்டு என் பக்கத்தில் நின்றுவிட்டது.

"சீயா, நகின்ட, நகின்ட", அதாவது தாத்தா ஏறுங்கள் ஏறுங்கள், என்று சிங்களத்தில் கத்திக்கொண்டு கண்டக்டர் குதித்து இறங்கி, சின்னவனை முதலில் உள்ளே கொடுத்துவிட்டான். பிள்ளை உள்ளே போனால் நான் வெளியே நிற்க முடியுமா? ஏறினேன்.

"தம்பி, நான் பஸ்ஸுக்குக் கை காட்டல."

அவன் அரைகுறைத் தமிழில், "சீயா கை தூக்கினது, விரலும் ஆட்டினது, பஸ் நின்னது. இப்ப இல்லேன்னு சொன்னா எப்படி?" என்றான்.

"இது ஆபரேஷன் செஞ்ச கை."

"ஆ, அப்ப சீட் குடுக்கணும்" என்று ஒருவரை எழுப்பி என்னை உட்கார வைத்தான். நல்ல பையன். ஆனால் ஏறுகிற அவசரத்தில் சுந்தரி சாரத்தை விட்டுவிட்டாள். மீதியை நான் சொல்ல மாட்டேன். பின் சீட்டில் இருந்த சிங்களப் பெண் ஒருத்தி தன் சேலையில் இருந்த ஊக்கைக் கழற்றிக் கொடுத்தாள், அவள் பிள்ளைகுட்டி நன்றாக இருக்கட்டும்.

கண்டியில் இறங்கி, திரும்பும் பஸ்ஸுக்காக மணிக்கூட்டுக் கோபுரத்துக்கு அருகில் குந்தினோம். ஊக்கு எந்நேரமும் திறந்துகொள்ளலாம் என்ற பயத்தில் நான் அசையவில்லை, கை மட்டும் மேலே, விரல்கள் தம் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தன. கட்டுப் போட்ட கிழவன், இருமுகிற குழந்தை, பரட்டைத் தலையோடு ஒரு பெண் பிள்ளை. ஒரு அம்மா சுந்தரியின் உள்ளங்கையில் காசை வைத்தாள்.

"நாங்க பிச்சக்காரங்க இல்ல அக்கா. எங்க தாத்தா முனிசிபல் பென்சன்காரரு."

இவ்வளவு மரியாதையாகப் பேசுகிறதே என்று அந்த அம்மா இன்னொரு காசு வைத்தாள். சின்னவன் பார்த்தான், தன் கையையும் நீட்டிவிட்டான். அந்த நேரம் பார்த்துத்தான் பன்வில பஸ் எங்களைக் கடந்தது, ஜன்னலில் அழகமுத்துவின் முகம். விஷயத்தைச் சொல்லிவிட வேண்டுமே என்று நான் நல்ல கையாலும் அவனைக் கூப்பிட்டேன். அவன் ஜன்னலைச் சாத்திக்கொண்டான்.

இதுதான் பிச்சை எடுத்த வரலாறு. இதற்காகப் பிள்ளைகளைக் கூட்டிப் போவீர்களா? அந்தப் பேச்சை எடுக்க உங்களுக்கு என்ன வாய் இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. சின்னப் பிள்ளையாக இருந்த ராஜலிங்கத்தை நீங்கள் காமன் கூத்தில் தொலைத்துவிட்டு, தோட்டமே பந்தம் கொளுத்தித் தேடி, கடைசியில் தப்பு அடிக்கிறவர்களின் சாக்குக் குவியலில் தூங்கிக் கிடந்தவனைத் தூக்கி வந்தது யார் என்றும் நான் கேட்கவில்லை. நான் மறக்கவில்லை என்று மட்டும் தெரிவித்துக்கொள்கிறேன். நீங்கள் வரப்போவதைச் சுந்தரியிடம் சொன்னேன். அவள் அழவில்லை. "பன்வில தாத்தா வீட்டுக்குப் போனா உங்க சாரத்த யாரு புடிப்பா?" என்று கேட்டுவிட்டு, சாரத்து ஓரத்தைக் கையில் சுற்றிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருக்கிறாள். மஹ்மூத் நானா பேனாவை உதறி உதறி, மை வரவில்லை என்கிறார்.

ஆகவே நீங்கள் வர வேண்டியதில்லை. இங்கே எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. மூட்டுக்கு எண்ணெய் தடவுங்கள், பனியில் வெளியே போகாதீர்கள். பெரியவர்களுக்கு வணக்கம், சிறியவர்களுக்கு ஆசி, அழகமுத்துவுக்கு ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி
கறுப்பையா (கைநாட்டு இடது பெருவிரல். வலது இப்போது முடியாது.)

பி.கு. கடுதாசிய ஒட்டுறதுக்குள்ள கிளினிக் நாள் வந்துருச்சு. இத மட்டும் நான் பேசுறபடியே எழுதச் சொல்லியிருக்கேன். தையல் பிரிச்சாங்க, வலது கை தேவலாம். ஆனா டாக்டர் இடது கையையும் நீட்டச் சொல்லி, மணிக்கட்டுல விரலால ஒரு தட்டுத் தட்டினாரு. கரண்ட் அடிச்ச மாதிரி சுர்ருன்னு ஏறுச்சு. அதுலயும் அடைச்சிருக்காம், அடுத்த மாசம் அதையும் வெட்டணுமாம். மஹ்மூத் நானா மேல எழுதினத கிழிச்சுறவான்னு கேட்டாரு. வேணாம், இருக்கட்டும், ஆனா நீங்க அதுல ஒன்னையும் நம்பாதீங்க. ஒழுங்கா ஒன்னும் நடக்கல. புள்ளைக்கு இருமல் நிக்கல, எனக்குப் பயமா இருக்கு. கூட்டிட்டுப் போக வராதீங்க, வந்து இருங்க. மிஸ்ஸி என்கிட்ட, வீட்ல பாத்துக்க ஆள் யாரு இருக்கான்னு கேட்டா. நான் யோசிச்சுப் பாத்தேன். என் பொஞ்சாதி நல்லம்மா இருந்தா இந்தக் கேள்வியே வந்திருக்காது. தோட்டத்துல நம்ம கூடவே பேர் பதிஞ்ச அழகையா, கப்பலேறி இந்தியா போயி அங்கயே செத்துப் போனான். மயில்வாகனம் நெஞ்சு வலியில போயிட்டான். நம்மளத் தூக்கிப் பாத்த மூக்காயி அக்காவும் போன வருஷம் போயிருச்சு. மிஸ்ஸி பேனாவப் புடிச்சுகிட்டு நிக்கிறா, பேரு சொல்லுங்க ஐயா, பின்னால ஆளுங்க காத்துகிட்டு இருக்காங்கன்னா. இருளப்பன்னு சொன்னேன்.