வெள்ளைத் தாள் விற்காத பழுப்பு பாய்

வெள்ளைத் தாளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் ஸ்டேஷனரிக் கடைக்காரர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் வாளையாரில் இருந்தார். பெயரை யாரும் கேட்டதில்லை. எல்லோருக்கும் அவர் பழுப்பு பாய்.

நான் அப்போது அங்கே ஒரு லாரி புக்கிங் ஆபீசில் இருந்தேன். பில் புத்தகம் கேட்டால் சாக்கு நிறத்தில் ஒன்றை எடுத்து நீட்டுவார். எழுத்து தெரியவில்லையே என்றால் அழுத்தி எழுதச் சொல்வார். அவரிடம் பள்ளிக்கூட நோட்டும் அதே நிறம், அதன் அட்டையும் அதே நிறம். அட்டை போட்டிருக்கிறதா என்று டீச்சர்கள் தடவிப் பார்த்துத்தான் கண்டுபிடிப்பார்கள். வெள்ளைதான் வேண்டும் என்று அடம்பிடித்தவர்களுக்கு எதிர்க்கடைக்கு வழி சொல்லி அனுப்புவார். எதிர்க்கடைக்காரர் மாடி கட்டினார். புதுமனை விருந்துக்குப் பாயும் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தார்.

கடை வைப்பதற்கு முன் அவர் ஒரு காகித ஆலையில் கூழ் வெளுக்கும் பிரிவில் இருந்தவர். ஏன் விட்டீர்கள் என்று ஒருமுறை கேட்டேன்.

"மரக்கூழ வெளுக்கறதுக்குக் குளோரின் போடுவோமுங்க. அது மரத்துப் பசையோட சேந்து வெசமாயிருது. கழிவுத் தண்ணியில ஆத்துக்குப் போயி மீன் கொழுப்புல உக்காந்துக்குமாம். இது எனக்குத் தெரியறதுக்குள்ள, அந்த ஆத்து மீனத்தான் முள்ளெடுத்து எம் புள்ளைக்கு ஊட்டிட்டு இருந்தேனுங்க."

மகள் நன்றாகத்தான் இருந்தாள். ஆனால் அவள் தும்மினால்கூட பாய் கடையை மூடிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவார். டாக்டர் அவளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு இவருக்குப் பிரஷர் பார்ப்பார்.

அந்த மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. பத்திரிகையைப் பழுப்புத் தாளில் அடித்து மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பினார். மாப்பிள்ளையின் அப்பா கோயமுத்தூரிலிருந்து நேராகக் கடைக்கே வந்துவிட்டார்.

"சொந்தக்காரங்க பிரிச்சுப் பாத்துட்டு, உள்ள மிக்சர் எங்கேங்கறாங்க. வெள்ளையில அடிங்க. இல்லீன்னா இந்தச் சம்பந்தமே வேண்டாமுங்க."

இப்போதெல்லாம் குளோரின் இல்லாமலும் வெளுக்கிறார்களாமே என்று நான் சமாதானம் சொன்னேன். நேரில் போய்ப் பார்த்தீர்களா என்றார் பாய். நான் பார்க்கவில்லை.

கடைசியில் மகளுக்காக இறங்கி வந்தார். வெள்ளைப் பத்திரிகை வந்தது. அதை வீடு வீடாகக் கொடுத்து, வெளுப்பாக இருப்பதற்கு மன்னிப்பும் கேட்டார். எனக்குக் கொடுக்கும்போது தலை நிமிரவே இல்லை. மகளுக்குச் செய்த தப்பை இரண்டாவது முறையும் செய்துவிட்டதாக அவருக்கு ஒரு குமைச்சல். எனக்குப் பாவமாக இருந்தது.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மகள் கடைக்கு வந்தாள். முதலில் அடித்த பழுப்புப் பத்திரிகையில் ஒன்றை எடுத்து வைத்திருந்தாள் போலிருக்கிறது. அதை இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினாள்.

"அத்தா, உங்களுக்கு யாருமே பத்திரிக வெக்கலீல்ல. நான் நல்லாத்தான் இருக்கறேன். கட்டாயம் வந்துருங்க."

பாய் அதை வாங்கித் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தார். அடுத்து வந்தவர் ஏதோ கேட்க, காதில் வாங்காமலே எதிர்க்கடைக்கு வழி சொல்லி அனுப்பிவிட்டார். வந்தவர் கேட்டது பழுப்புத் தாள்.

இதையும் பழுப்புத் தாளில்தான் அழுத்தி எழுதி அனுப்புகிறேன். படிக்க முடியவில்லை என்று இதழாசிரியர் கோபித்துக்கொள்வார். பாவம், அவர் பாயைப் பார்த்ததில்லை.