அடுப்பை அணைச்சாச்சா?

எந்த ஊரிலும் 'நான் பாத்துக்கிறேன்' என்று முதலில் கை தூக்குகிற ஆளிடம் மட்டும் பொறுப்பைக் கொடுக்கக் கூடாது. (அந்தக் கை என்னுடையது. இப்போதெல்லாம் பஸ்ஸை நிறுத்தக்கூட அதைத் தூக்க யோசிக்கிறேன்.)

செல்லையா அண்ணன் முதலில் வானொலியில் பேசினார். பிறகு எங்கள் திருமயம் பக்கத்துக் கேபிள் சேனலில். காணாமல்போன ஆடு, ஓடாத தண்ணி மோட்டார், வராத பஸ் எல்லாவற்றையும் சொந்த வீட்டுச் சங்கதிபோலச் சொல்வார். முடிக்கும்போது, "சரிங்க, அடுப்பை அணைச்சாச்சா, கதவைச் சாத்தியாச்சானு பாத்துட்டுப் படுங்க. வாரேன்" என்பார். அந்த 'வாரேன்' விழுந்ததும் தெருவே டிவியை அணைத்துவிட்டு எழுந்துவிடும். எங்கப்பா பாதித் தூக்கத்தில் போய் சிலிண்டரைத் திருகுவார்.

அண்ணன் காலமானதும் மண்டபத்தில் நினைவுக் கூட்டம். ஊடகவியல் படித்துவிட்டுத் துறுதுறுவென்று திரிந்த நான்தான் தொகுப்பாளர். கடைசியாகப் பேச வேண்டியவர் அவர் மனைவி வள்ளி மதினி. அண்ணன் வீட்டிலேயே பதிவு செய்கிறவர்; மைக்கை எடுத்தால் மதினி குக்கர்கூட வைக்க முடியாது.

"இத்தன வருசம் வாயப் பொத்திக்கிட்டே இருந்துட்டேன் பாப்பா. ஒரு தடவ ஊரு முன்னாடி பேசிப்புடுறேன்" என்று என்னிடம் சொல்லி வைத்திருந்தார்.

மேடையேறியவர்கள் ஆளாளுக்குத் தங்களைப் பற்றியே பேசித் தள்ளினார்கள். கூட்டம் கொட்டாவி விட்டது. மதினி பேசுமுன் அண்ணனின் பழைய நிகழ்ச்சிப் பதிவு ஒன்றைப் போட்டால் சபை நிமிர்ந்துவிடும் என்று எனக்குப் பட்டது.

சவுண்டு செட்டு முருகேசன், "முழுசாவா போடணும்?" என்றார்.

"முழுசா. அந்த 'வாரேன்'லதான் எல்லாரும் அழுவாங்க."

குரல் கிளம்பியதும் மண்டபமே அடங்கிப்போனது. ஆட்டின் அடையாளம் வந்தபோது ஒருவர், "அது எங்க ஆடுதான்" என்று மூக்கைச் சிந்தினார். அப்புறம் அடுப்பு வந்தது, கதவு வந்தது, "வாரேன்" வந்தது.

யாரும் அழவில்லை. எழுந்தார்கள். சிறப்பு விருந்தினர் செருப்பைத் தேடினார்.

"உக்காருங்க, இன்னும் முடியல!" என்று கத்தினேன். மைக் வேலை செய்யவில்லை. முருகேசன் கையும் பழக்கத்தில் சுவிட்சை அணைத்திருந்தது.

வாசலுக்கு ஓடிப்போய்க் கையை விரித்து மறித்தேன். "அண்ணனே முடிச்சுட்டாரு. நீட்டுறதுக்கு நீ யாரு ஆத்தா?" என்று ஒருவர் என் கைக்கடியில் குனிந்து போனார்.

திரும்பி வந்தால் காலி நாற்காலிகள், மேடையில் மதினி. எனக்கு அழுகை வந்துவிட்டது. (கூட்டத்தில் அழுத ஒரே ஆள்.)

"விடு பாப்பா, வீட்லயும் இப்படித்தான். நான் வாயத் தொறக்குற நேரம் பாத்து அவுக முடிச்சுருவாக" என்று சிரித்தார் மதினி. என்னையும் முருகேசனையும் எதிரே உட்காரவைத்து, மைக் இல்லாமலே சேர்த்துவைத்த அத்தனையையும் பேசினார்.

"ஊருக்கெல்லாம் சொன்னாகளே, எங்க வீட்டு அடுப்ப ஒரு நாளாவது அணைச்சிருப்பாகளா? நான்தான் அணைச்சேன்."

கூட்டத்தோடு எழுந்து எங்கள் வீட்டுக்கு ஓடியிருந்த அப்பா அப்போதுதான் மூச்சு வாங்கத் திரும்பி வந்தார். "அடுப்பு அணைஞ்சுதான் இருக்கு" என்றார். மதினி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

அன்றிலிருந்து வீட்டில் நான் கொஞ்சம் நீட்டிப் பேசினால், "அடுப்பை அணைச்சாச்சா? வாரேன்" என்பார் அப்பா. எல்லாரும் எழுந்துவிடுவார்கள். போன வாரம் என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் வானொலி பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். அப்பா பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டார். அவர்களும் திருமயத்துக்காரர்கள். முறுக்கைக் கையில் பிடித்தபடியே எழுந்து போனவர்கள், இன்னும் பதில் சொல்லவில்லை.