மாப்பிள்ளை முதுகில் சிவப்பு ஸ்டிக்கர்

பாகாலாவில் இருக்கும் மரியாதைக்குரிய மச்சான் சந்திரசேகர் அவர்களுக்கு, விஜயபுரம் ஏழுமலை வணக்கம் சொல்லி எழுதுவது. இங்கே நான், உங்கள் தங்கை பொன்னியம்மா, எங்கள் பெண் மோகனப்ரியா, மாடு கன்று எல்லோரும் உடம்புக்குச் சௌக்கியம். மனசுக்கு இல்லை. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து என் போனை நீங்கள் எடுப்பதில்லை, அதனால் பஸ் டிரைவரிடம் கடிதம் கொடுத்தனுப்புகிறேன்.

நீங்கள் பார்த்த பிச்சாட்டூர் வரன் சாப்பாட்டுக்கு உட்காராமலே எழுந்து போனதற்கு நான் காரணமில்லை, இங்கிலீஷ் இலக்கணம்தான் காரணம். ஸ்ரீசிட்டியில் மோகனப்ரியாவின் கம்பெனியில் லைன் லீடர் ஆக இங்கிலீஷ் பரீட்சை வைக்கிறார்கள். அதற்காக வீடு முழுக்க ஸ்டிக்கர் ஒட்டிப் படித்தாள். பொருளின் பேர் நவுன், அதற்குப் பச்சை. அது எப்படிப்பட்டது என்று சொன்னால் அட்ஜெக்டிவ், அதற்குச் சிவப்பு. குடத்தில் 'பாட்' என்று பச்சை, பக்கத்திலேயே 'ஹெவி' என்று சிவப்பு. அவள் செயின் டப்பாவில் 'கோல்டு' என்று சிவப்பு. தங்கமும் ஒரு பொருள்தானே, நவுன்தானே என்று கேட்டேன். 'கோல்டு செயின்' என்னும்போது செயினுக்கு முன்னால் நிற்பதால் அது அட்ஜெக்டிவ் வேலை பார்க்கிறதாம். தங்கத்துக்கே அந்தக் கதி என்றால், உங்கள் தங்கை முன்னால் நிற்கிற என் கதியை யோசித்துப் பாருங்கள்.

அவர்கள் வருவதற்குள் எல்லாவற்றையும் கிழித்துவிட்டோம். நாற்காலியில் இருந்த 'ஓல்டு' மட்டும் தப்பிவிட்டது போலிருக்கிறது. மாப்பிள்ளை லோகேஸ்வரன் காபி குடித்து எழுந்தார், முதுகில் சிவப்பு ஸ்டிக்கர். கூட வந்த சிநேகிதர்கள், எல்லோரும் ஸ்ரீசிட்டியில் வேலை பார்க்கிறவர்கள், விழுந்து விழுந்து சிரித்தார்கள். என்ன என்று அவர் அம்மா கேட்க, ஒருத்தன் சொல்லிவிட்டான்: "கம்பெனில பச்சை ஒட்னா பாஸ் அத்தை, சிவப்பு ஒட்னா கழிச்சுப் போட்ட சரக்கு."

அந்த அம்மா பாதி தமிழிலும் பாதி தெலுங்கிலும் நம் வம்சத்தையே திட்டி, கொண்டு வந்த பழத்தட்டையும் திருப்பி எடுத்துக்கினு போய்ட்டாங்க. நான் அட்ஜெக்டிவ், அட்ஜெக்டிவ் என்று கத்திக்கொண்டே பஸ் ஸ்டாப் வரைக்கும் பின்னால் ஓடினேன். அதையும் அந்த அம்மா ஒரு வசவு என்றே எடுத்துக்கொண்டாராம்.

இந்த இடம் தவறிப்போனால் அடுத்தது எப்போது வருமோ மச்சான்! உங்கள் தங்கை சரியாகச் சாப்பிடுவதில்லை. நீங்கள் ஒரு நடை பிச்சாட்டூர் போய், காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டு, அது நாற்காலிக்கு ஒட்டின அட்ஜெக்டிவ், மாப்பிள்ளைக்கு இல்லை என்று புரிய வையுங்கள்.

கல்பனா அக்காவுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. திருமலையில் இருப்பவன் நம்மைக் கைவிடாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஏழுமலை

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்குள் மோகனப்ரியா இதைப் படித்துவிட்டாள். "நாற்காலில இருந்தத காலையிலயே கிழிச்சிட்டேன் நைனா. காபி டம்ளர் எடுக்கசொல நான்தான் வேற ஒண்ண அவர் முதுகுல ஒட்னேன்" என்கிறாள். காபிக்கு முன்னால் தோட்டத்தில் தனியாகப் பேசினபோது, பரீட்சையும் வாணாம் வேலையும் வாணாம், கல்யாணம் ஆனா வூட்ல குந்து என்று அந்தப் பையன் சொன்னானாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீங்கள் மன்னிப்புக் கேட்கப் போகாதீர்கள் மச்சான். போனால், பரீட்சை வெள்ளிக்கிழமை, என் பெண் எழுதப் போகிறாள் என்று மட்டும் சொல்லிவிட்டு வாருங்கள்.